சைக்கிளுக்கு இரண்டு விலை: முன்பே கேட்டவருக்கு ஒன்று, முகப்பில் நிற்பவருக்கு ஒன்று

அதிகாலை நான்கு மணி. கே.எல்.ஐ.ஏ. இரண்டாம் முனையத்தில் பயணப்பெட்டி ஒப்படைக்கும் முகப்பு. பதினேழு வயது மகன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறான். உள்ளே அவனுடைய சைக்கிள். நாளை மறுநாள் கூச்சிங்கில் போட்டி. பக்கத்தில் அப்பா. முந்தின நாளே பெட்டியைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தவர். 19 கிலோ. டிக்கெட்டில் 20 கிலோ என்று இருக்கிறது. அதனால் அவருக்குப் பயமில்லை.

முகப்பில் இருக்கும் பெண் பெட்டியை ஒரு முறை பார்க்கிறார். "அங்கிள், இது லக்கேஜ் இல்லை. விளையாட்டுச் சாதனம். தனியாகக் கட்டணும்" என்கிறார். பிறகு ஒரு தொகையைச் சொல்கிறார். அப்பா மணிபர்சைத் திறந்து பார்க்கிறார். போட்டி நாட்களில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் வைத்திருந்த பணம் அது.

இந்த அப்பாவும் மகனும் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தினர் அல்லர். ஆனால் சைக்கிள் பெட்டியோடு விமான நிலையம் போன பலருக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. அதே விமானத்தில், அதே எடையுள்ள இன்னொரு சைக்கிள், இதைவிடக் குறைந்த கட்டணத்தில் போய்க்கொண்டிருக்கலாம். அந்தச் சைக்கிளின் உரிமையாளர் கெட்டிக்காரர் என்பதல்ல காரணம். டிக்கெட் வாங்கும் நாளிலேயே அவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

சைக்கிளை முற்றிலும் இலவசமாக விமானத்தில் கொண்டு போகும் வழி பெரும்பாலும் இல்லை. ஆனால் தேவையில்லாத கூடுதல் கட்டணத்தைத் தவிர்க்கும் வழி உண்டு. அந்த வழி யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரிவதில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

எடை ஒரு கணக்கு, அளவு இன்னொரு கணக்கு

நம்மில் பெரும்பாலோர் பயணப்பெட்டி என்றாலே கிலோவைத்தான் நினைக்கிறோம். ஊருக்குப் போகும்போது வீட்டுத் தராசில் பெட்டியை வைத்து, மைலோ பொட்டலத்தை எடுப்பதா, சட்டையை எடுப்பதா என்று வாதாடிய அனுபவம் எல்லாருக்கும் உண்டு. சைக்கிள் விஷயத்தில் அந்த அனுபவமே ஏமாற்றிவிடுகிறது.

விமான நிறுவனங்கள் இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கின்றன. ஒன்று எடை. மற்றொன்று பெட்டியின் அளவு. பல நிறுவனங்களில் ஒரு சாதாரணப் பயணப்பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சைக்கிள் கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டி ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் உயரம், 20 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். கூட்டினால் 240. எடை 15 கிலோவாக இருந்தாலும் அளவில் அது எல்லையைத் தாண்டிவிடுகிறது. அப்பா கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தது தவறில்லை. அவர் அளவு நாடாவையும் எடுத்திருக்க வேண்டும்.

இதற்கு மேல் யாரும் மீற முடியாத ஓர் எல்லையும் உண்டு. பயணிகள் ஒப்படைக்கும் எந்த ஒரு தனிப் பெட்டியும் 32 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விமானத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. பெட்டிகளைத் தூக்கி ஏற்றும் தொழிலாளர்களின் முதுகைக் காக்க வந்தது அது. கூடுதல் பணம் கட்டினாலும் 33 கிலோ பெட்டியை வாங்க மாட்டார்கள். பிரித்து இரண்டாகக் கட்டு என்பார்கள்.

சைக்கிளை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில் நிறுவனங்கள் வேறுபடுகின்றன. ஏர் ஏசியா, ஸ்கூட் போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்களில் விளையாட்டுச் சாதனத்துக்கென்றே தனித் தேர்வு உண்டு. பதிவு செய்யும்போது அதை வாங்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற முழுச்சேவை நிறுவனங்கள், பயணியின் இலவச எடை அளவுக்குள் விளையாட்டுச் சாதனத்தையும் சேர்த்துக்கொள்ள விடுகின்றன. அந்த அளவைத் தாண்டினால்தான் கூடுதல் கட்டணம். அங்கும் டிக்கெட் வகைக்கு ஏற்ப இலவச எடை மாறும். பெட்டியின் பருமனுக்கும் தனி நிபந்தனைகள் இருக்கும்.

ஆகவே "சைக்கிளுக்கு எவ்வளவு?" என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. எந்த நிறுவனம், எந்த வழித்தடம், எந்த டிக்கெட் வகை, எந்த நாளில் கட்டுகிறோம் என்ற நான்கும் சேர்ந்தே பதிலைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் கடைசியாகச் சொன்ன நாள்தான் பயணியின் கையில் முழுமையாக இருக்கிறது.

மலிவு டிக்கெட்டின் மறுபக்கம்

ஒரு காலத்தில் பெட்டிக்கென்று தனிக் கட்டணம் கேட்பது அபூர்வம். டிக்கெட் விலைக்குள் சாப்பாடு, பெட்டி, இருக்கை எல்லாம் அடங்கியிருந்தன. 2001-இல் டோனி பெர்னாண்டசும் அவருடைய பங்காளிகளும் கடனில் இருந்த ஏர் ஏசியாவை ஒரு ரிங்கிட் விலைக்கு வாங்கி, "இனி எல்லாரும் பறக்கலாம்" என்ற முழக்கத்தோடு மலிவுக் கட்டண நிறுவனமாக மாற்றினார்கள். தோட்டப்புறக் குடும்பங்கள் பல முதன்முதலாக விமானம் ஏறியது அதற்குப் பிறகுதான். அந்த மாற்றம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

மலிவாக்கிய முறை இதுதான்: இருக்கையை மட்டும் விற்பது, மற்றதையெல்லாம் தனித்தனியாக விற்பது. பிறகு பெரிய நிறுவனங்களும் அந்தப் பக்கம் நகர்ந்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2008-இல் ஒப்படைக்கும் முதல் பெட்டிக்கே 15 டாலர் வாங்கத் தொடங்கியபோது உலகமே அதைப் பேசியது. இன்று அது சாதாரண விஷயம்.

இந்த முறையில் ஒரு நியாயம் இருக்கிறது. கைப்பையோடு மட்டும் போகிறவர், அடுத்தவருடைய பெட்டிக்கும் சைக்கிளுக்கும் ஏன் பணம் கட்ட வேண்டும்? முன்கூட்டியே சொல்லச் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. விமானத்தின் அடிவயிற்றில் எவ்வளவு இடம் வேண்டும், எடையை எங்கே வைப்பது என்பதைப் புறப்படும் முன்பே கணக்கிட வேண்டும். சுபாங்கிலிருந்து ஃபயர்ஃபிளை பயன்படுத்தும் ஏ.டி.ஆர். 72 ரக விமானத்தில் சுமார் 70 பேர்தான் உட்கார முடியும். அதில் சரக்கு வைக்கும் இடமும் கதவும் சிறியவை. சபா, சரவாக் உட்பகுதிகளுக்குப் பறக்கும் இன்னும் சிறிய விமானங்களில் நான்கைந்து சைக்கிள் பெட்டிகள் ஒரே நேரத்தில் வந்தாலே இடப் பிரச்சினைதான். பணம் கட்டத் தயாராக இருந்தாலும் அடுத்த விமானத்தில்தான் பெட்டி வரும் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் முன்பதிவு விலைக்கும் முகப்பு விலைக்கும் இருக்கும் இடைவெளி முழுவதையும் இந்தக் காரணங்களால் விளக்கிவிட முடியாது. அந்த இடைவெளியில் ஒரு பகுதி தண்டனை. "நீ முன்பே சொல்லவில்லை" என்பதற்கான தண்டனை. முன்பே தெரிந்திருந்தும் சோம்பலால் சொல்லாதவருக்கு அது பொருந்தலாம். சொல்ல வேண்டும் என்றே தெரியாதவருக்கும் அதே தண்டனைதான் விழுகிறது.

மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறை 2016 நமக்குச் சில பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. விளம்பரத்தில் முழு விலையையும் காட்ட வேண்டும். பயணி கேட்காத சேவையை அவராக நீக்கும்வரை பட்டியலில் தானாகச் சேர்த்து வைக்கக் கூடாது. இது நல்ல விதி. முன்பு பலர் தெரியாமலேயே காப்புறுதிக்கும் இருக்கைக்கும் பணம் கட்டினார்கள். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. எதுவும் தானாகச் சேராது என்றால், வேண்டியதைப் பயணியே தேடிப் போய்ச் சேர்க்க வேண்டும். அந்தத் தேர்வு எந்தப் பக்கத்தில், எந்தப் பெயரில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டிக்கெட் யார் கையில்?

நம் குடும்பங்களில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். பட்டணத்தில் இருக்கும் ஒரு சைக்கிளோட்டக்காரர் தன் கைப்பேசிச் செயலியில் தானே டிக்கெட் வாங்குகிறார். கடன் அட்டை அவருடையது, மின்னஞ்சல் அவருடையது. ஒரு வாரம் கழித்துச் சைக்கிளைச் சேர்க்க நினைத்தாலும் செயலியைத் திறந்து சேர்த்துவிடுவார்.

தோட்டப்புறத்திலும், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் வாழும் மலிவு அடுக்குமாடிகளிலும் டிக்கெட் பெரும்பாலும் வேறொருவர் கையால் வாங்கப்படுகிறது. மாமா மகன், பக்கத்து வீட்டு அக்கா, டவுனில் இருக்கும் பயண முகவர், பள்ளி ஆசிரியர். தேதியும் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்பார்கள். "சைக்கிள் கொண்டு போறியா?" என்று கேட்க அவர்களுக்குத் தோன்றாது. டிக்கெட் உறுதியான மின்னஞ்சல் அவர்களுடைய பெட்டிக்குப் போகும். பயணியின் கையில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம் மட்டும் இருக்கும். பிறகு சேர்க்க வேண்டுமென்றால் பதிவு எண்ணும், பதிவு செய்தவரின் மின்னஞ்சலும் தேவைப்படும். அந்த மாமா மகன் அன்றைக்கு இரவு வேலையில் இருப்பார்.

கட்டணமும் எல்லாருக்கும் ஒரே அளவில் வலிப்பதில்லை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். அந்த அளவில் சம்பாதிக்கும் குடும்பத்தில் முகப்பில் திடீரென்று கேட்கப்படும் ஒவ்வொரு நூறு ரிங்கிட்டும் ஏறக்குறைய ஒன்றரை நாள் சம்பளம்.

அரசாங்கம் விளையாட்டுக்காக வருமான வரிச் சலுகை தருகிறது. 2024 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து விளையாட்டுச் சாதனம், போட்டிப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் போன்றவற்றுக்கு 1,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. ஆனால் மாதம் 1,700 ரிங்கிட் வாங்குபவர் வருமான வரியே கட்டுவதில்லை. கட்டாத வரியில் கழிவு கிடைத்து என்ன பயன்? மேலும் அது சைக்கிளை வாங்குவதற்கான உதவி. சைக்கிளைக் கடல் தாண்டிக் கொண்டு போவதற்கான உதவி அல்ல.

மாநில அணிக்குத் தேர்வான பிறகு சைக்கிளைக் கொண்டு போகும் வேலையை அணி நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். அந்த இடத்துக்குப் போவதற்கு முன்னால், சொந்தச் செலவில் போட்டிகளுக்குப் போய்த் தன்னை நிரூபிக்கும் வருடங்கள்தான் கடினமானவை. தீபகற்பத்தில் இருக்கும் பிள்ளைக்கு சபாவில் அல்லது சரவாக்கில் போட்டி என்றால் சாலை வழியில்லை. திரெங்கானு டுங்குனில் பிறந்த அசிசுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்ற பிறகு, சிறு ஊர்ப் பிள்ளைகளுக்கும் சைக்கிளோட்டம் ஒரு கனவாகியிருக்கிறது. நீலாயில் தேசிய சைக்கிளோட்ட அரங்கம் இருக்கிறது. கனவுக்கு இடம் இருக்கிறது. வழிச் செலவுதான் இடிக்கிறது.

செலவைக் குறைக்கும் வழிகள்

முதல் வழி, டிக்கெட் விலையை மட்டும் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது. ஓர் உதாரணக் கணக்கு: ஒரு நிறுவனத்தில் டிக்கெட் 150 ரிங்கிட், சைக்கிளுக்குத் தனியாக 120 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 270. இன்னொன்றில் டிக்கெட் 240, ஆனால் அதில் அடங்கிய இலவச எடைக்குள் சைக்கிளைச் சேர்த்துக்கொள்ளலாம். மொத்தம் 240. முதல் திரையில் மலிவாகத் தெரிந்தது கடைசித் திரையில் மலிவாக இல்லை. இந்த எண்கள் கற்பனையே. ஆனால் இரண்டு மொத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் பழக்கம் எந்த வழித்தடத்திலும் உதவும்.

இரண்டாவது, சைக்கிளுக்கான தேர்வை டிக்கெட் வாங்கும்போதே சேர்ப்பது. அப்போது மறந்துவிட்டால், புறப்படும் நாளுக்கு முன்பாவது இணையத்தில் சேர்ப்பது. முகப்பு கடைசி இடமாக இருக்க வேண்டும். போகும் பயணத்துக்கு மட்டும் சேர்த்து, திரும்பும் பயணத்துக்குச் சேர்க்க மறப்பதும் நடக்கிறது. இரண்டும் தனித்தனிக் கட்டணம். இரண்டு நிறுவனங்களின் டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கி இடையில் மாறிப் போகிறவர்கள் இரண்டு நிறுவனத்துக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். இடையில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்கவும் வேண்டும்.

மூன்றாவது, பெட்டியின் எடை. கடினமான பிளாஸ்டிக் சைக்கிள் பெட்டிகள் பாதுகாப்பானவை. ஆனால் அவையே 10 கிலோவுக்கு மேல் இருக்கும், விலையும் அதிகம். சைக்கிள் கடைக்குப் புதிய சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். அது மூன்று, நான்கு கிலோதான். பெடல்களைக் கழற்றி, ஹேண்டலைத் திருப்பி, முன்சக்கரத்தைக் கழற்றி ஓரமாகக் கட்ட வேண்டும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் திரும்பும் என்பது முதல் முறை கழற்றுகிறவர்களைத் தடுமாற வைக்கும். பின் கியர் பாகத்தைக் கழற்றித் துணியில் சுற்றினால் வளையாது. முன் ஃபோர்க்கின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு மரத்துண்டோ பிளாஸ்டிக் துண்டோ வைத்தால் நசுங்காது. டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொல்வார்கள். முழுவதும் இறக்கிவிட்டால் ரிம் அடிபடும்.

பெட்டிக்குள் மீதமிருக்கும் இடத்தில் துணிமணியை அடைக்கலாமா என்று பலர் கேட்பது உண்டு. சில நிறுவனங்கள் விளையாட்டுச் சாதனப் பெட்டிக்குள் சாதனம் மட்டுமே இருக்க வேண்டும் என்கின்றன. விதியைப் படித்துவிட்டுச் செய்வது நல்லது.

நான்காவது, மடிக்கும் சைக்கிள். 16 அங்குலச் சக்கரம் கொண்ட பிரம்டன் போன்றவற்றை மடித்தால் மூன்று அளவுகளையும் கூட்டினாலும் 150 சென்டிமீட்டருக்குள் அடங்கும். சாதாரணப் பயணப்பெட்டியாகவே ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஆனால் உறையின் பருமனையும் சேர்த்து அளக்க வேண்டும். 20 அங்குலச் சக்கரம் உள்ள மடிப்புச் சைக்கிள்கள் பெரும்பாலும் 158-ஐத் தாண்டிவிடும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது சரியான வழி. பந்தயத்துக்குப் போகிறவருக்கு உதவாது.

ஐந்தாவது, விமானத்தை விட்டுவிட்டு யோசிப்பது. லங்காவிக்குப் போகிறவர்கள் கோல கெடா அல்லது கோல பெர்லிஸ் வரை வேனில் போய், அங்கிருந்து படகில் கடக்கலாம். நான்கு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் நான்கு சைக்கிளுக்கான விமானக் கட்டணம் மிச்சமாகும். படகில் சைக்கிளுக்கு இடமும் கட்டணமும் என்ன என்பதை முன்பே விசாரிக்க வேண்டும். ஒரு நாள் கூட ஆகும் என்பதும் உண்மை.

கார்கோவில் அனுப்பினால் மலிவு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அங்கும் அளவுதான் தீர்மானிக்கிறது. விமானச் சரக்கில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுக்கிறார்கள். வரும் எண்ணும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்கே கட்டணம். நம் 140, 80, 20 அளவுப் பெட்டிக்கு அந்தக் கணக்கில் 37 கிலோ வரும். உண்மையான எடை 15 கிலோ என்றாலும் 37 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். பத்துப் பதினைந்து சைக்கிள்களை ஒரு குழுவாகச் சேர்த்துக் கப்பலில் அனுப்பும்போதுதான் கணக்கு மாறுகிறது.

குறுக்கு வழிகள் ஏன் வேண்டாம்

கட்டணத்தைத் தவிர்க்க, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் "உடற்பயிற்சிக் கருவி", "உதிரிப் பாகம்" என்று சொல்லிவிடும்படி சிலர் ஆலோசனை தருவார்கள். எக்ஸ்ரே இயந்திரத்தில் இரண்டு சக்கரங்கள் தெளிவாகத் தெரியும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். பெட்டி காணாமல் போனாலோ சைக்கிள் உடைந்தாலோ, உள்ளே இருந்தது சைக்கிள் என்று பிறகு எப்படி நிரூபிப்பது? மிச்சம் பிடித்த சில நூறு ரிங்கிட்டுக்காகச் சில ஆயிரம் ரிங்கிட்டுக்கான உரிமையை விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

மின்சைக்கிள் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் பயணி கொண்டு போகலாம். 100-இலிருந்து 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-க்கு மேல் பயணிகள் விமானத்தில் தடை. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி உள்ள சாதாரண மின்சைக்கிள் பேட்டரியே 360 வாட்-மணி. ஆகவே எந்தக் கட்டணம் கட்டினாலும் அது ஏறாது. டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கரியமிலவாயுக் குப்பிகளையும் அனுமதி கேட்காமல் பெட்டியில் வைக்கக் கூடாது. சோதனையில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். கையால் அடிக்கும் பம்ப் போதும்.

உடைந்து வந்தால்

சைக்கிளை ஒப்படைக்கும்போது ஒரு சீட்டில் கையெழுத்துக் கேட்பது உண்டு. எளிதில் உடையக்கூடிய பொருள், சரியாகக் கட்டப்படாத பொருள் என்பதற்காக நிறுவனம் தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளும் சீட்டு அது. அவசரத்தில் படிக்காமலேயே கையெழுத்துப் போடுகிறோம். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று கேட்பதில் தவறில்லை. பெட்டியை மூடுவதற்கு முன் சைக்கிளையும், சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணையும், மூடிய பிறகு பெட்டியின் நான்கு பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது பிறகு பேச வேண்டியிருந்தால் உதவும். சைக்கிள் வாங்கிய ரசீதின் படமும் இருந்தால் நல்லது.

இறங்கியதும் பெட்டி கிழிந்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே முகப்பில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். அனைத்துலகப் பயணத்துக்கு 1999 மொன்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் இணைந்திருக்கின்றன. அதன்படி சேதத்தைப் பெட்டி கிடைத்த 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாட்கள். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். அனைத்துலக நாணய நிதியத்தின் கணக்கு அலகான அது, நம் பணத்தில் ஏறக்குறைய 8,000 ரிங்கிட். அதற்கு மேல் மதிப்புள்ள சைக்கிள் என்றால் ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் கட்ட வேண்டும். அல்லது தனிக் காப்புறுதி எடுக்க வேண்டும்.

நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் எங்கே போவது? முன்பு விமானப் பயணிகளின் புகார்களைக் கவனித்து வந்த மேவ்கோம் ஆணையம் 2025 ஆகஸ்ட் 1 முதல் சி.ஏ.ஏ.எம். எனப்படும் மலேசிய பொது வான் போக்குவரத்து ஆணையத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. இப்போது புகார் அங்கேதான் போக வேண்டும். முதலில் நிறுவனத்துக்கு எழுதியதற்கான சான்று கையில் இருக்க வேண்டும்.

யார் என்ன செய்யலாம்?

விமான நிறுவனங்கள் சைக்கிளை இலவசமாக ஏற்ற வேண்டும் என்று கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் பதிவுத் திரையில் பெட்டி எடையைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே "சைக்கிள், கோல்ப் பை போன்றவை இதில் அடங்காது" என்று ஒரு வரி தெளிவாக இருந்தால், அந்த அப்பா நான்கு மணிக்கு அதிர்ச்சி அடைந்திருக்க மாட்டார். விலையை மறைக்கக் கூடாது என்று விதி செய்ய முடிந்த ஆணையம், இந்த ஒரு வரியையும் கேட்கலாம்.

போட்டி நடத்துகிறவர்களும் யோசிக்கலாம். பதிவுப் படிவத்தோடு, போட்டி நடக்கும் ஊருக்குச் சைக்கிள் கொண்டு வருவது எப்படி என்று அரைப் பக்கம் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. சபாவுக்கும் சரவாக்குக்கும் போகும் பிள்ளைகளின் சைக்கிள்களைச் சேர்த்து அனுப்பும் ஏற்பாட்டை மாநிலச் சங்கங்கள் செய்தால், தனித்தனியாகக் கட்டும் கட்டணம் பாதியாகக் கூடக் குறையலாம்.

நம் பக்கத்தில் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் கோயில் இளைஞர் பிரிவோ, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, பொது இயக்கமோ இருக்கிறது. உபகாரச் சம்பளப் பாரம் நிரப்ப உதவுவதைப் போல, டிக்கெட் பதிவு செய்ய உதவுகிற ஒருவர் அங்கே இருந்தால் போதும். பயணியின் சொந்த மின்னஞ்சலையே பதிவில் கொடுப்பது, பதிவு எண்ணை எழுதிக் கையில் கொடுப்பது, "வேறு என்ன கொண்டு போறீங்க?" என்று கேட்பது. இந்த மூன்றும் அவருடைய வேலை.

மாமா மகன் டிக்கெட் எடுத்துத் தரட்டும், அதில் குறையில்லை. ஆனால் பணம் கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அப்பா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "தம்பி, பையன் சைக்கிள் கொண்டு போறான். அதுக்கு எவ்வளவுன்னு பாரு. வரும்போதும் பாரு." அந்த நேரத்தில் கேட்டால் திரையில் தெரிவது குறைந்த விலை. அது அதிகம் என்று பட்டால் வேறு நிறுவனத்தைப் பார்க்கலாம், வேறு வழியை யோசிக்கலாம். அதிகாலை நான்கு மணிக்கு முகப்பில் நிற்கும்போது மணிபர்சைத் திறப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.